கறுப்பு ஏறாத சேலை

சிவப்புச் சேலை கிடாரத்துக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே கிழிந்துவிட்டது. உடைந்த துடுப்பொன்றால் கிண்டிக்கொண்டிருந்த மக்டலீன் அதைத் தூக்கிப் பார்த்தாள். கொதிநீர் சொட்டச் சொட்டத் துணி இரண்டாகப் பிரிந்து தொங்கியது.

“அரிச்சுப் போச்சு. உதை இனிக் கட்டேலாது,” என்று துண்டுகளை மணலில் எறிந்தாள். “மற்றதைத் தா பிள்ளை. கெதியா.”

குசினி வாசற்படிக்கு உள்ளே நின்ற சிசிலியா, மஞ்சள் சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். படியைத் தாண்டி முற்றத்தில் அவள் கால் வைக்கக்கூடாது. நேற்றுப் பின்னேரம் அவளுடைய கணவன் நீக்கிலாப்பிள்ளை இறந்ததும், பிரேதம் எடுக்கும்வரை பெண்சாதி வெளியே வரக்கூடாது என்று மக்டலீன் சொல்லிவிட்டாள். மக்டலீன் நீக்கிலாப்பிள்ளையின் அக்கா. அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை.

சிசிலியா கையை நீட்டினாள். மக்டலீன் சேலையை வாங்கி, ஒருமுறை உதறி, கிடாரத்துக்குள் போட்டுத் துடுப்பால் அமுக்கினாள். மஞ்சள் ஒரு கணம் காற்றை அடைத்துக்கொண்டு குமிழாக மேலே வந்தது. அவள் அதன் தலையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி உள்ளே தாழ்த்தினாள்.

அது வலைக்குச் சாயம் அவிக்கிற கிடாரம். குருநகரில் கரையோர வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒன்று கிடக்கும். வருசக்கணக்காக மரப்பட்டை அவித்து அவித்து அதன் உட்பக்கம் தோல் மாதிரிப் படிந்திருந்தது. விடிய எழும்பி மக்டலீன் அதை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பெரிய கடையிலிருந்து ஆள் விட்டு எடுப்பித்த கறுப்புச் சாயத்தைக் கரைத்திருந்தாள். கடையில் ஒரேயொரு பொட்டலம்தான் இருந்தது. அதுவும் பழசு, ஈரம் பட்டுக் கட்டியாகிப் போனது. தண்ணீர் சூடேறும் முன் முதலில் போட்ட வெள்ளைச் சேலை நீலம் பாய்ந்த அடுப்புச் சாம்பல் நிறத்தில் வெளியே வந்து கொடியில் தொங்கியது. அதைக் கட்டிக்கொண்டு எந்த விதவையும் கோயிலுக்குப் போக முடியாது. மக்டலீனிடம் மாற்றுக்கு இருந்த கறுப்புச் சேலையை நேற்றே வெட்டி வாசலுக்குத் தோரணமாகவும் ஆண்களின் கைக்குப் பட்டியாகவும் கட்டியாயிற்று. துக்கச் சேலையை யாரும் இரவல் கொடுப்பதில்லை. கொடுத்த வீட்டுக்குத் துக்கமும் கூடவே வரும் என்று பயம். எனவே மிச்சம் இருந்தது மஞ்சள்.

“உள்ளுக்குப் போய் அவனுக்குப் பக்கத்திலை இரு,” என்றாள் மக்டலீன், புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. “பெண்சாதிக்காரி குசினிக்குள்ளை நிக்கிறாள் எண்டு சனம் கதைக்கும்.”

நடு அறையில் பெண்கள் பாய் விரித்து இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் நீக்கிலாப்பிள்ளை கலியாணத்துக்குத் தைத்த கோட்டோடு கிடந்தான். கோட்டு இப்போது அவனுக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. தலைமாட்டில் பாடுபட்ட சிலுவைச் சுரூபமும் இரண்டு மெழுகுதிரிகளும். நெஞ்சில் கூப்பி வைத்த கைகளில் செபமாலை சுற்றியிருந்தது. சிசிலியா அவனுடைய நகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். விடியப்புறம் மக்டலீன் மண்ணெண்ணெயில் துணியைத் தோய்த்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு ஈர்க்கு ஒன்றை முறித்து நகக்கண்களைச் சுரண்டினாள். “என்ரை தம்பி கடவுளுக்கு முன்னாலை ஊத்தை நகத்தோடை நிக்கக்கூடாது,” என்று சொல்லிச் சொல்லிச் சுரண்டினாள். பச்சை போயிற்று. காவி போயிற்று. நீலம் மட்டும் போகவில்லை. கடைசியில் அவள் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைத் திறந்து அழுதாள்.

நீக்கிலாப்பிள்ளை வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். திருநாள் வருகிறதென்றால் கோயில் சுரூபங்களுக்கு நிறம் தீட்டுவான். கூத்துப் போடுகிற காலத்தில் திரைச்சீலை எழுதுவதும் விளக்குப் பிடிப்பதும் அவன்தான். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. போன வருசம் வயிற்றுக்குத்து வந்தது. பிறகு பல் முரசு கறுத்தது. பிறகு ஒருநாள் வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. வெள்ளைப் பெயின்றில் இருக்கிற ஈயம் உடம்பெல்லாம் ஊறிவிட்டது என்று அப்போதிக்கரியார் சொன்னார். “வெள்ளையோ?” என்று நீக்கிலாப்பிள்ளை இரண்டு தரம் கேட்டான். அவனுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது.

நேற்றுப் பின்னேரம் அவன் சிசிலியாவைக் கட்டிலுக்குக் கிட்டக் கூப்பிட்டான்.

“என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறாய்?”

“மஞ்சள்.”

“எனக்குச் சாம்பலாய்த் தெரியுது.”

“பொழுது பட்டிட்டுது. அதுதான்.”

பொழுது படவில்லை. யன்னலால் வந்த வெயில் கட்டிலின் கால்வரை விழுந்து கிடந்தது. அவன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கண் திறந்தபடியே இருந்தது.

அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. பெண்கள் செபத்துக்கு இடையில் அவளை ஓரக்கண்ணால் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. நல்ல மனுசன். அடித்ததில்லை, குடித்ததில்லை, பிள்ளை இல்லை என்று ஒருநாளும் குத்திக் கதைத்ததில்லை. நாள் முழுக்கக் கரையில் வாடியில், தன் வேலைக் கொட்டிலில் கிடப்பான். சாப்பிட வருவான், போவான். அவனுக்குப் பின்னால் வேலிப் படலையை மக்டலீன் சாத்துவாள். பதினேழு வயதில் இந்தப் படலைக்குள் வந்த சிசிலியாவுக்கு இப்போது இருபத்தேழு. இத்தனை காலத்தில், ஒரேயொரு தரம் தவிர, அவள் படலை தாண்டியது ஞாயிறு பூசைக்கு மட்டும். அப்போதும் மக்டலீன் முன்னால் போவாள், இவள் அவளுடைய குதிக்காலைப் பார்த்தபடி பின்னால் போவாள்.

அவனுக்கு வருத்தம் முற்றி, இனிச் சரிவராது என்று அப்போதிக்கரியார் கையை விரித்த நாளிலிருந்து அவளுடைய மனதுக்குள் ஒரு எண்ணம் வளர்ந்துகொண்டே வந்தது. அதை நினைக்கக் கூடாதென்று அவள் எத்தனையோ தரம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணை வருவார். வந்து கூட்டிக்கொண்டு போவார். அவள் பிறந்த மாதகலில் கரையிலே வேலி கிடையாது. விடியக் காலையில் வள்ளம் வந்து சேரும்போது பெண்கள் எல்லாரும் கடலுக்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். அவளும் நின்றிருக்கிறாள்.

அண்ணன் வின்சன்ற் காலமை பஸ்சில் வந்து சேர்ந்தான். முதலில் பிரேதத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு விறாந்தையில் ஆண்களோடு நெடுநேரம் இருந்தான். சிசிலியா எழும்பிப் பக்கத்து அறைக்குள் போய் யன்னலோரம் நின்றாள். அவன் அதைக் கண்டு, வேலியோரமாகச் சுற்றி வந்து யன்னலுக்கு வெளியே நின்றான்.

“அழாதை, பிள்ளை,” என்றான்.

அவள் அழவில்லை. யன்னலின் மரக்கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டியதை உடனேயே கேட்டாள்.

“அண்ணை, நான் உங்களோடை வரட்டே?”

வின்சன்ற் முகம் துடைத்த லேஞ்சியை மடித்தான். மடித்ததை விரித்து, மறுபடி மடித்தான்.

“முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் எப்பிடி வாறது?”

“முப்பத்தொண்டு முடியவிட்டு?”

வேலிக்கு அப்பால் யாரோ காறித் துப்பினார்கள். வின்சன்ற் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்.

“அங்கை இருக்கிறது ஒரு அறை. உனக்குத் தெரியாதே? என்ரை பெண்சாதிக்கும் இது ஏழாம் மாசம்.”

“நான் குசினிக்குள்ளை படுப்பன். அவவுக்கு ஒத்தாசையாயும் இருக்கும்.”

“நான் கதைச்சுப் போட்டன், சிசிலி.”

“ஆரோடை?”

“மக்டலீன் அக்காவோடை. உன்னைத் தன்ரை பிள்ளை மாதிரி வைச்சுப் பாக்கிறன் எண்டு சொன்னவ. உனக்கு இஞ்சை ஒரு குறையும் வராது. கல்வீடு. கோயிலும் பக்கத்திலை. அவவும் தனிச்ச மனுசி, உனக்கும் ஒரு துணை.”

“எப்ப கதைச்சனீங்கள்?”

“போன கிழமை. வருத்தம் பாக்க வந்தனான் எல்லே, அண்டைக்கு.”

போன கிழமை நீக்கிலாப்பிள்ளை உயிரோடு இருந்தான். அன்றைக்கு அரைக் கோப்பை கஞ்சியும் குடித்தான். அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊற்ற அவள் குசினிக்குள் நின்ற நேரத்தில் அது பேசி முடிந்திருக்கிறது.

“ஓம், அண்ணை,” என்றாள்.

வின்சன்ற் கம்பிகளுக்கு ஊடாகக் கையை விட்டு அவளுடைய தலையைத் தடவினான். அந்த இடைவெளிக்குள் அவனுடைய கை முழுதாக நுழையவில்லை. விரல்கள் மட்டும் மயிரில் பட்டன. பிறகு அவன் விறாந்தைக்குப் போய்விட்டான். அவள் அங்கேயே நின்றாள். யன்னலுக்கு நேரே வேலி, வேலிக்கு மேலே ஒரு துண்டு வானம். பத்து வருசமாகப் பார்த்த அதே துண்டு.

“சிசிலி!” பின்வளவிலிருந்து மக்டலீனின் குரல் கேட்டது. “இஞ்சை வந்து பார் உந்தக் கூத்தை!”

அவள் குசினிப் படிக்குப் போனாள். கொடியில் மஞ்சள் சேலை காய்ந்துகொண்டிருந்தது. ஈரமாக இருந்த தலைப்புப் பக்கம் நல்ல கறுப்பு. காய்ந்த பக்கம் பச்சை. முற்றின பலாவிலையின் பச்சை. மேல் கொடியிலிருந்து கீழ்நோக்கி அந்தப் பச்சை பார்க்கப் பார்க்க இறங்கி வந்துகொண்டிருந்தது.

“கறுப்புப் போட்டால் பச்சை வருமோ? ஆரும் கேள்விப்பட்டதோ?” மக்டலீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்புப் புகையில் அவள் கண் சிவந்திருந்தது. “கடைக்காரன் எதையோ தந்து ஏமாத்திப் போட்டான்.”

கடைக்காரன் ஏமாற்றவில்லை என்று சிசிலியாவுக்குத் தெரிந்தது. அந்தக் கறுப்பு நீலம் ஓடிய கறுப்பு. பழசாகி வலுவிழந்தபோது கறுப்பு அடியில் தங்கிவிட்டது, நீலம்தான் துணிக்குப் போயிருக்கிறது. மஞ்சளில் நீலம் ஏறினால் வேறு என்ன வரும்? கை தொங்கிப்போன பிறகு நீக்கிலாப்பிள்ளைக்கு நிறம் குழைத்துக் கொடுத்தவள் அவள். கட்டிலில் இருந்தபடி அவன் சொல்லுவான், அவள் சிரட்டையில் குழைப்பாள். ஒருநாள் கறுப்பு முடிந்துபோய், கடைக்கு ஆள் அனுப்பட்டோ என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். “கறுப்பைக் காசு குடுத்து வாங்கிறதே? பச்சைக்குள்ளை சிவப்பை விடு. ஒண்டை ஒண்டு தின்னும். இரண்டும் செத்த பிறகு மிஞ்சிறதுதான் கறுப்பு.” அவள் விட்டாள். அப்படியே வந்தது.

“நீ அவனோடை இருந்து குழைச்சவள் எல்லே,” என்றாள் மக்டலீன். “சொல்லன், உதுக்குள்ளை என்னத்தைப் போட்டால் கறுக்கும்?”

கிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. சிவப்புச் சேலையை முதலில் ஊற வைத்த வாளி. சேலை கிழிந்தாலும் அதன் நிறம் முழுவதும் வாளித் தண்ணீரில் இறங்கி, இரத்தம் மாதிரி நிரம்பி நின்றது. அதைக் கொதிக்க வைத்து அந்தப் பச்சைச் சேலையை ஒருதரம் முக்கி எடுத்தால் போதும். பிரேதம் எடுக்க முதல் காய்ந்தும் விடும்.

சிசிலியா வாளியைப் பார்த்தாள். பிறகு பார்வையைக் கொடிக்கு மாற்றினாள்.

“தெரியாது, மச்சாள்,” என்றாள்.

பத்து வருசத்தில் மக்டலீனுக்கு அவள் சொன்ன முதல் பொய் அது.

மக்டலீன் சிசிலியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மக்டலீனின் கணவனைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்கு இருபது வயது என்று சொல்லுவார்கள். அவள் கட்டியிருந்த கறுப்புச் சேலை தோய்த்துத் தோய்த்து வெளிறி, தோளில் பழுப்பாகவும் மடியில் செம்மண் நிறமாகவும் போயிருந்தது. ஆனாலும் ஊரில் எல்லாரும் அதைக் கறுப்பென்றே சொன்னார்கள்.

அவள் குனிந்து வாளியைத் தூக்கினாள். முருங்கையடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்து ஊற்றினாள். மணல் சிவந்து, உறிஞ்சி, வெறும் ஈரமாயிற்று.

“இனி வேறை வழியில்லை,” என்றாள் திரும்பி வந்து. “கோயிலுக்குள்ளை இருட்டுத்தானே. மெழுகுதிரி வெளிச்சத்திலை ஆர் பாக்கப் போகினம்? உதையே கட்டு.”

யன்னலைச் சாத்திய அறைக்குள் சிசிலியா அந்தச் சேலையைக் கட்டினாள். அங்கே அது கறுப்பாகவே இருந்தது. சாயத்தின் புளித்த மணமும் பழைய பட்டையின் மணமும் மூக்கில் ஏறின. கொய்யகத்தை மடித்துச் செருகும்போது அவளுக்கு அந்த வாடி நினைவுக்கு வந்தது.

அது அவனுக்கு வருத்தம் வருவதற்கு முந்தின வருசம். கோயில் திருநாளுக்குக் கூத்துப் போட அண்ணாவியார் அடைக்கலநாதன் ஆட்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். மூன்று பெற்றோல்மக்ஸ் விளக்குகளைத் தகரப் பெட்டிகளுக்குள் வைத்து, முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் பூட்டி நீக்கிலாப்பிள்ளை என்னவோ செய்துகொண்டிருந்தான். ஒருநாள் மத்தியானம், மக்டலீன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

“சிசிலி, வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒருக்கா வாடிக்கு வா. ஒரு ஆள் நிண்டு பாக்க வேணும். எல்லாரும் கடலுக்குப் போட்டாங்கள்.”

வாடியைப் பாயாலும் கிடுகாலும் மூடி இருட்டாக்கியிருந்தான். அவளை நடுவில் நிற்க வைத்தான்.

“சிவப்புப் பெயின்றையும் பச்சைப் பெயின்றையும் சேர்த்தால் என்ன வரும்?”

“சேறு,” என்றாள்.

“இப்ப பார்.”

சிவப்பு விளக்கின் மூடியை எடுத்தான். அவளுடைய சேலை சிவந்தது. பச்சை விளக்கின் மூடியையும் எடுத்தான். சேலை மஞ்சளாயிற்று. சிசிலியா தன் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். கையும் மஞ்சள். பின்னால் தொங்கிய பாயில் அவளுக்கு இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவள் கையை ஆட்ட இரண்டும் ஆட்டின. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் நீல விளக்கையும் திறந்தான். சேலை பழையபடி வெள்ளையாகி, நிழல்கள் இன்னும் பெருகி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் அவளைச் சுற்றி நின்றன.

“பெயின்றிலை சேர்க்கச் சேர்க்க இருளும். வெளிச்சத்திலை சேர்க்கச் சேர்க்க வெளிக்கும்,” என்றான் நீக்கிலாப்பிள்ளை. அவ்வளவு நீளமாக அவன் அவளோடு கதைத்ததே குறைவு. “பச்சை உடுப்புக்குச் சிவப்பு வெளிச்சம் மட்டும் பட்டால் என்ன தெரியுமே? கறுப்பு. உடுப்பு ஒண்டுதான். வெளிச்சம்தான் அதைத் தீர்மானிக்கிறது. அப்பிடியே நில், சிசிலி. கொஞ்சம் திரும்பு.”

அவள் திரும்பினாள். மறுபடியும் திரும்பினாள். சேலைத் தலைப்பை விரித்துச் சுற்றினாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். சேலையைப் பார்த்தானா அவளைப் பார்த்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது யாரோ வாசல் பாயைத் தூக்கினார்கள். வெயில் உள்ளே கொட்டியது. ஒரு நொடியில் நிறமெல்லாம் போய்விட்டது. வாசலில் மக்டலீன் நின்றாள்.

“பொம்பிளை ஒருத்தி கூத்தாடிற மாதிரி நிக்கிறாள். சனம் கண்டால் என்ன சொல்லும்? வீட்டை நட.”

அதன்பிறகு நீக்கிலாப்பிள்ளை ஒரு கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி நட்டுவைத்து வெளிச்சம் பார்த்தான்.

மூன்று மணிபோலப் பெட்டி மூட ஆயத்தமானார்கள். அண்ணாவியார் அடைக்கலநாதன்தான் பெரிதாக அழுதார். கூத்துக் கொட்டில் அதிரப் பாடுகிற குரல் உடைந்து, “என்ரை ராசா, இனி ஆரடா எங்களை வெளிச்சத்திலை நிப்பாட்டுவான்?” என்றபடி பெட்டியின் விளிம்பில் தலையை முட்டினார். சிசிலியாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அவள் குனிந்து நெற்றியில் உதட்டை வைத்தாள். நெற்றி சுவர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அவன் கையிலிருந்து மண்ணெண்ணெய் மணம் வந்தது. நகக்கண்ணில் நீலம் இருந்தது. ஒருத்தி பின்னாலிருந்து அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கி, “அழு பிள்ளை, அழு. அடக்கி வைக்காதை,” என்றாள். அவள் வாயைத் திறந்தாள். வெறும் மூச்சுத்தான் வந்தது. ஆணி அறைகிற சத்தம் தொடங்கியதும் அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

பகல் முழுக்க எரித்த வெயிலைக் கடல் பக்கமிருந்து வந்த முகில் மூடியிருந்தது. கோயில் மணி விட்டு விட்டு ஒலித்தது. பெட்டிக்குப் பின்னால் பெண்கள் நெருக்கமாக நடந்தார்கள். நடுவில் சிசிலியா. முகில் வெளிச்சத்தில் எல்லார் சேலையும் ஒரே மாதிரி மங்கலாகக் கிடந்தது. யாரும் அவளுடைய சேலையைப் பார்க்கவில்லை. பார்த்த இரண்டொருவரும் புதுக் கறுப்பு என்று நினைத்திருப்பார்கள்.

கோயிலுக்குள் பெட்டியைச் சுற்றி ஆறு மெழுகுதிரிகள் எரிந்தன. சுவாமியார் கறுப்புக் காப்பா உடுத்து வந்து தீர்த்தம் தெளித்தார். சிசிலியா முழந்தாளில் இருந்து தன் மடியைப் பார்த்தாள். கறுப்பு. எந்தச் சந்தேகமும் இல்லாத கறுப்பு. மெழுகுதிரியின் செம்மஞ்சள் வெளிச்சத்தில் பச்சையின் சுவடே இல்லை. வாடியில் நின்று அவன் சொன்னது அப்படியே இருந்தது. அவள் மடித்துணியை விரலால் நெருடினாள். சாயம் விரலில் ஒட்டியது. அந்த விரலாலேயே சிலுவை அடையாளம் போட்டாள்.

பூசை முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் அதைச் சுமந்துகொண்டு பெரிய வாசலால் இறங்கிச் சேமக்காலைக்குத் திரும்பினார்கள். வின்சன்ற் முன்பக்கத் தோளில் பெட்டியைத் தாங்கியபடி போனான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி தோளில் இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க முடியாதுதான். அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. அவர்கள் பக்கத்து வாசலால் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும்.

சிசிலியா பக்கத்து வாசலுக்கு வந்தபோது வெளியே முகில் விலகியிருந்தது. மேற்கே இறங்கின வெயில் படிகளில் சாய்ந்து, கண் கூச எரித்தது. அவளுக்கு முன்னால் இறங்கின பெண்கள் படிக்குக் கீழே இரண்டு மூன்று பேராக நின்று, கறுத்த விதவையைக் கூட்டிக்கொண்டு போகக் காத்திருந்தார்கள்.

அவள் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தாள். கொய்யகத்தின் விளிம்பில் வெயில் பட்டது. அந்த இடம் பச்சையாகப் பற்றிக்கொண்டது. வாடியில் நின்றபோது இருந்தது மாதிரி நெஞ்சு அடித்தது. காலைப் பின்னுக்கு இழுத்தாள். விளிம்பு கறுத்தது.

பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். “என்ன பிள்ளை, தலை சுத்துதோ?” என்று யாரோ கேட்டார்கள். கீழே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் போனால் வெயில். பின்னால் போக இடமில்லை. காலமை வாளியைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு சொல் அவளைக் கொண்டுவந்து இந்த வாசலில் நிறுத்தியிருந்தது. கணவனின் பெட்டி தெருவைக் கடக்கும் முன்பே பச்சை உடுத்தவள் என்று இந்த ஊர் அவளை எத்தனை வருசம் சொல்லும்? அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய தோளை இடித்துக்கொண்டு மக்டலீன் முன்னால் வந்தாள். கக்கத்தில் இடுக்கியிருந்த குடையை எடுத்தாள். ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, நீக்கிலாப்பிள்ளையுடையது. கம்பியை ஒரே தள்ளில் விரித்து, படியில் இறங்கி நின்று, வாசலுக்கு நேரே பிடித்தாள்.

“வா,” என்றாள்.

“மழை இல்லையே அக்கா, குடை எதுக்கு?” என்றாள் கீழே நின்ற ஒருத்தி.

“அவளுக்கு வெயில் ஏலாது,” என்றாள் மக்டலீன் அவள் பக்கம் திரும்பாமலே. “நேற்றுத் தொடக்கம் பச்சைத்தண்ணி பல்லிலை படேல்லை. தள்ளி நில்லுங்கோ, காத்து வரட்டும்.”

பெண்கள் விலகினார்கள். சிசிலியா குடைக்குள் இறங்கினாள். மக்டலீன் அவளுடைய முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். நேற்று முழுக்க விறகு வெட்டிய, காலமை முழுக்கத் துடுப்புப் பிடித்த கை. இருவரும் ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். மற்றவர்கள் செபம் சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் மக்டலீன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நாளைக்குச் சிவப்பு வாங்குவிச்சு, அதோடை ஒருக்கா அவிப்பம். அப்பதான் உந்தப் பச்சை சாகும்.”

சிசிலியா நின்றுவிட்டாள். அவளுடைய கையைப் பிடித்திருந்த பிடி நிற்க விடவில்லை, முன்னால் நடத்தியது.

“உங்களுக்கு… தெரியுமே, மச்சாள்?”

“அவன் சின்னனிலை என்ரை சோத்துச் சட்டிக்குள்ளை தானே குழைச்சுப் பழகினவன்,” என்றாள் மக்டலீன். “இண்டைக்கு இருக்கட்டும். நாளைக்கு அவிப்பம்.”

தூரத்தில் சேமக்காலைப் பக்கமிருந்து ஆண்களின் பாட்டு காற்றில் வந்து வந்து போயிற்று. ஒழுங்கையின் வெள்ளை மணலில் குடையின் நிழல் வட்டமாக முன்னால் நகர்ந்தது. சிசிலியா அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கொய்யகத்தின் ஓரம் நிழலுக்கு வெளியே போய்ப் பச்சையாகி, உள்ளே வந்து கறுத்தது. மறுபடி பச்சையாகி, மறுபடி கறுத்தது.

மக்டலீன் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.